காகித விளக்கும் இரண்டாவது ஆளும்

ப்ளான்ச் டுபுவாவுக்கு என்ன வயசு இருக்கும்? 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படம் பார்த்த நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். நாற்பத்தஞ்சு என்றார் ஒருவர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருப்பாள் என்றார் இன்னொருவர். நாடகப் பிரதியைப் பிரித்தால் விடை வேறு. தங்கை ஸ்டெல்லாவுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து; ப்ளான்ச் அவளைவிட ஐந்து வயசு மூத்தவள். டென்னஸி வில்லியம்ஸ் இதை மேடைக் குறிப்பிலேயே எழுதிவிட்டார். அப்படியானால் முப்பது! எங்கள் துறையில், இவரை டீம் லீட் ஆக்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிற வயசு.

நம் ஞாபகத்தில் அவளுக்கு வயசு கூடிப்போனதற்கு ஒரு காரணம் நடிகைகள். 1947 டிசம்பரில் நியூயார்க்கில் நாடகம் மேடையேறியபோது ஜெசிகா டேண்டிக்கு 38. 1951இல் வெளிவந்த படத்தில் நடித்தபோது விவியன் லீக்கு 36. பிரதி சொல்லும் வயசுக்கு மிகப் பக்கத்தில் இருந்தவர், 1948இல் இந்த வேடத்தை ஏற்ற ஊட்டா ஹேகன். அப்போது அவருக்கு 29. இன்னொரு காரணம் ப்ளான்ச்சே. தன் கதை முடிந்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள், நாமும் நம்பிவிடுகிறோம். வெளிச்சத்தைப் பார்த்து ஒளிகிற பொம்பளை என்றால் முகத்தில் சுருக்கம் விழுந்திருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். பாவம், அவள் மறைக்கப் பார்த்தது ஐந்தாறு வயசு. நாம் பதினைந்து வயசைக் கூட்டிவிட்டோம்.

முப்பது என்ற இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நாடகத்தை மறுபடி வாசித்தபோது எடுத்த குறிப்புகள்தான் இவை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில் ப்ளான்ச் ஆங்கில ஆசிரியை. குடும்பத்தின் பெரிய பண்ணை வீடான பெல் ரீவ் கடனில் போய்விட்டது. தங்கை ஸ்டெல்லா நியூ ஆர்லியன்ஸில் ஸ்டான்லி கோவால்ஸ்கி என்ற போலந்து வம்சாவளிக்காரனைக் கட்டிக்கொண்டு இரண்டு அறை வீட்டில் குடியிருக்கிறாள். மே மாதத்தில் ப்ளான்ச் அங்கே வந்து இறங்குகிறாள்; செப்டம்பர் ஆகியும் கிளம்பவில்லை. ஸ்டான்லியின் நண்பன் மிட்ச்சுக்கு அவள்மேல் பிரியம் வருகிறது. ஸ்டான்லி அவளுடைய லாரல் கதையைத் தோண்டி எடுத்து மிட்ச்சிடம் சொல்ல, கல்யாணப் பேச்சு நின்றுபோகிறது. ஸ்டெல்லா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் ராத்திரி ஸ்டான்லி ப்ளான்ச்சை வல்லுறவு செய்கிறான். சில வாரங்கள் கழித்து மனநலக் காப்பகத்திலிருந்து ஒரு டாக்டரும் ஒரு மேட்ரனும் வந்து அவளைக் கூட்டிப்போகிறார்கள்.

இதற்கு வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு, பரீட்சை நோட்ஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்த விளக்கம். வயசாவதையும் தனிமையையும் தாங்க முடியாமல் ப்ளான்ச் மாயைக்குள் ஓடினாள். நிஜம் வந்து மோதியதும் மாயை உடைந்து பைத்தியமானாள். அவள் மாயை, ஸ்டான்லி நிஜம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடப்பதாகப் படுகிறது.

முதலில், தான் செய்வது பாசாங்கு என்று ப்ளான்ச்சுக்குத் தெரியுமா? நன்றாகவே தெரியும். முதல் காட்சியில் தங்கை வருவதற்கு முன் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விஸ்கி பாட்டில் கண்ணில் படுகிறது. அரை டம்ளர் ஊற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்து, டம்ளரைக் கழுவியும் வைக்கிறாள். ஸ்டெல்லா வந்ததும், குடிக்க ஏதாவது இருக்குமே என்று வீட்டைத் தேடுவதுபோல ஒரு நடிப்பு. தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவள் டம்ளரைக் கழுவ மாட்டாள்.

ஐந்தாம் காட்சி இன்னும் தெளிவு. தான் ஒருநாளும் திடமானவளாக இருந்ததில்லை, மென்மையான ஆட்கள் கொஞ்சம் மினுமினுத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும், இந்த வித்தை இன்னும் எத்தனை நாள் பலிக்கும் என்று தெரியவில்லை என்கிற அர்த்தத்தில் தங்கையிடம் பேசுகிறாள். மிட்ச் தன்னை விரும்பும் அளவுக்காவது அவனை ஏமாற்ற வேண்டும் என்றும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறாள். எதற்காக? அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், யாருக்கும் பாரமாக இல்லாமல் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். இது கனவில் மிதக்கிற ஆளின் பேச்சு இல்லை, கையில் காசில்லாத, வேலை போன, போக இடமில்லாத ஒருத்தி கையிருப்பை எண்ணிப் பார்க்கிற பேச்சு. 1947இல் அப்படிப்பட்ட பெண்ணுக்கு இருந்த ஒரே நாணயம் இளமை. செலாவணி குறைந்துகொண்டே வரும் நாணயம். முப்பது வயசிலேயே அவள் நடுங்குவது அதனால்தான்.

அடுத்து அந்தக் காகித விளக்கு. மூன்றாம் காட்சியில், சீட்டாட்டம் நடக்கும் இரவில், சீனக் காகிதக் கூடு ஒன்றைக் கொடுத்துக் குண்டு பல்பின்மேல் மாட்டச் சொல்கிறாள். மாட்டுவது யார்? மிட்ச். ஒன்பதாம் காட்சியில் அதைக் கிழித்து எடுத்து, விளக்கைப் போட்டு அவள் முகத்தை உற்றுப் பார்ப்பவனும் மிட்ச்தான். இதில் நான் கவனித்த சின்ன விஷயம்: பதினோராம் காட்சியில் ஸ்டான்லி பல்பிலிருந்து அந்தக் கூட்டை மறுபடி பிய்க்கிறான். அப்படியென்றால் இடையில் யாரோ அதைத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். எப்போது, யார் என்று நாடகம் நின்று சொல்வதில்லை. ப்ளான்ச்சாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், முதல்முறை இரண்டு பேர் சேர்ந்து மாட்டியதை இரண்டாம் முறை அவள் தனியாக மாட்டியிருக்கிறாள்.

நான் சொல்ல வருவது இந்த வித்தியாசத்தைத்தான். இந்த நாடகத்தில் மாயை என்பது ஒருத்தியின் குணமோ வியாதியோ இல்லை, அது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். ஒருவர் போர்த்துகிறார், எதிரில் இருப்பவர் போர்வையை இழுக்காமல் இருக்கிறார். எங்கள் தொழிலில் இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும்முன் ஒன்றுக்கொன்று 'சரி' சொல்லிக்கொள்ளும். அந்தப் பக்கத்திலிருந்து சரி வராவிட்டால், இந்தப் பக்கம் தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வில்லியம்ஸ் இதை ஒரு பாட்டை வைத்தே காட்டிவிடுகிறார். ஏழாம் காட்சியில் ஸ்டான்லி வெளியே நின்று லாரல் கதையை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறான், உள்ளே ப்ளான்ச் குளித்துக்கொண்டே பாடுகிறாள். அது 1933இல் வந்த காகித நிலாப் பாட்டு. நீ மட்டும் என்னை நம்பினால் இந்தக் காகித நிலா நிஜமாகிவிடும் என்பது அதன் சாரம். நம்ப வேண்டியவன் மிட்ச். அவனிடம் ஸ்டான்லி ஏற்கனவே சொல்லி முடித்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியாது.

சரி, ஸ்டான்லி நிஜத்தின் பிரதிநிதி என்கிறார்களே, அதைப் பார்ப்போம். இரண்டாம் காட்சியில் ப்ளான்ச்சின் டிரங்குப் பெட்டியைக் கிளறுகிறான். அதில் இருக்கும் மலிவான பழைய ஃபர் துணிகளைப் பெரிய சொத்து என்கிறான். கண்ணாடிக்கல் பதித்த கிரீடத்தை வைரம் என்று நினைக்கிறான். அது கண்ணாடிக்குப் பக்கத்து வீடு என்று ஸ்டெல்லா சொல்ல வேண்டியிருக்கிறது. பெல் ரீவ் சொத்தில் தன் பங்கை ப்ளான்ச் ஏப்பம் விட்டுவிட்டாள் என்பது அவன் சந்தேகம். பங்கு கேட்க நெப்போலியன் சட்டத்தையும் துணைக்கு இழுக்கிறான். ப்ளான்ச் பரப்பிய மினுமினுப்புக்கு நாடகத்தில் முதலில் ஏமாந்த ஆள் இந்த 'யதார்த்தவாதி'தான். ஏமாந்தோம் என்ற கோபம் பிறகு உண்மையைத் தேடும் ஆர்வமாக வேஷம் போடுகிறது என்று எனக்குத் தோன்றும். அவன் திரட்டிய தகவல்கள் சரி. ஃபிளமிங்கோ ஹோட்டல், பதினேழு வயசு மாணவன், வேலை போனது எல்லாமே நடந்தவைதான். தகவல் சரியாக இருப்பதால் திரட்டியவனின் நோக்கமும் சரி என்று ஆகிவிடாது. அவளுடைய பிறந்தநாளன்று லாரலுக்கு ஒரு பஸ் டிக்கெட்டைப் பரிசாக நீட்டுகிறானே, அதில் என்ன நிஜம் இருக்கிறது? வெறும் குரூரம்.

ஆனாலும் மேடையில் கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. காரணம் மார்லன் பிராண்டோ. அவர் நடிப்பில் நாடகம் ஸ்டான்லியின் வெற்றியாக மாறிவிடுகிறது என்று விமர்சகர் ஹெரால்டு க்ளர்மன் அப்போதே எழுதினார். பிறகு ஊட்டா ஹேகனையும் ஆந்தனி க்வினையும் வைத்து வெளியூர்களுக்குப் போன தயாரிப்பை அவரே இயக்கினார். விமர்சனம் எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும்!

மிட்ச்சுக்கு வருகிறேன். எனக்கு இந்த நாடகத்தில் ரொம்ப வலிப்பது அவன் பகுதிதான். ஆறாம் காட்சியில் இருவரும் வெளியே போய்விட்டு அலுத்துச் சலித்துத் திரும்புகிறார்கள். ப்ளான்ச் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, நாம் பாரிஸில் ஒரு காப்பிக் கடையில் இருக்கிறோம் என்று விளையாடப் பார்க்கிறாள். மிட்ச்சுக்குப் பிடி கிடைக்கவில்லை. மினுமினுப்பு வேலை செய்யவில்லை. வேலை செய்தது எது தெரியுமா? அவள் ஆலனைப் பற்றிச் சொன்ன நிஜம். சின்ன வயசில் அவள் கல்யாணம் செய்துகொண்ட கவிஞன். அவன் இன்னொரு ஆணோடு இருப்பதை அவளே பார்த்துவிடுகிறாள். தெரியாததுபோல மூவரும் சேர்ந்து ஒரு கேளிக்கை விடுதிக்குப் போகிறார்கள். நடனத்தின் நடுவில், அடக்க முடியாமல், பார்த்துவிட்டேன் என்றும் அருவருப்பாக இருக்கிறது என்றும் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அவன் வெளியே ஓடித் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். இதைக் கேட்டதும்தான் மிட்ச் அவளை அணைக்கிறான். அவனும் தனி ஆள். செத்துப்போன ஒரு பெண் கொடுத்த சிகரெட் பெட்டியைச் சுமந்துகொண்டு, சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மனுஷன்.

ஆலன் கதையைத் துயரமான பின்னணி என்று மட்டும் கடந்துபோய்விடக் கூடாது. ப்ளான்ச்சின் மாயைக் கொள்கை முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. பின்னால் ஸ்டான்லி அவளுக்குச் செய்வதை அவள் ஒருமுறை ஆலனுக்குச் செய்திருக்கிறாள். ஒரு மனிதன் போர்த்தியிருந்ததை நடு மேடையில் இழுத்துவிட்டாள். அந்தக் கணத்தோடு உலகத்தின் விளக்கு அணைந்தது, அதற்குப் பிறகு மெழுகுவர்த்திக்கு மேல் வெளிச்சத்தை அவள் கண்டதில்லை என்று அவளே சொல்கிறாள். முழு வெளிச்சம் ஒரு ஆளைக் கொல்லும் என்பது அவளுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அப்படிப் பார்த்தால் காகித விளக்கு அவள் சுருக்கத்தை மறைக்க மட்டும் மாட்டியது இல்லை. முப்பது வயசு முகத்தில் எத்தனை சுருக்கம் இருந்துவிடும்?

அவளைப் புனிதவதியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மாணவன் விஷயம் தப்பு, பெரிய தப்பு. மிட்ச் பூவோடு வருவதற்குச் சற்று முன், பத்திரிகைக்குப் பணம் வாங்க வந்த பையனை முத்தமிடும் இடம் படிக்கவே சங்கடமானது. ஸ்டான்லியின் இனத்தைச் சொல்லி அவள் இளக்காரம் பேசுவதும் அசிங்கம். வில்லியம்ஸ் இவற்றில் எதையும் மழுப்பவில்லை. ஆனால் இவை எதுவும் மாயை அல்ல, இவை அவள் தனிமையில் செய்தவை. பெல் ரீவில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், கணவனும் போன பிறகு, முன்பின் தெரியாதவர்களின் அணைப்பில்தான் அந்த வெறுமையை நிரப்ப முயன்றதாக ஒன்பதாம் காட்சியில் ஒப்புக்கொள்கிறாள்.

அந்த ஒன்பதாம் காட்சியில்தான் யதார்த்தம் வேண்டாம், மாயம்தான் வேண்டும் என்கிற அவளுடைய பிரபலமான பேச்சு வருகிறது. எல்லாரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அதற்குப் பக்கத்திலேயே மிட்ச் சொல்லும் ஒரு விஷயம் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. நினைத்ததைவிட உனக்கு வயசு கூடுதல் என்பது எனக்குப் பெரிதில்லை, மற்றதைத்தான் தாங்க முடியவில்லை என்கிறான். ஒட்டுமொத்த விளக்கு ஏற்பாடும் எதற்காகச் செய்யப்பட்டதோ, அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை! அவள் பயந்த வயசை அவன் மன்னித்துவிட்டான். நம்பிச் சொன்ன கடந்தகாலத்தை மன்னிக்கவில்லை. அவனிடம் கேள்வி வந்ததும் முதலில் மறுத்துப் பார்க்கிறாள், பிறகு எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறாள். சொன்ன பிறகு, கட்டிக்கொள்ள முடியாது, வீட்டுக்குக் கூட்டிப்போகும் அளவுக்கு நீ சுத்தமில்லை என்கிறான். ஆனால் அவள் உடம்பு மட்டும் அவனுக்கு வேண்டியிருக்கிறது.

பத்தாம் காட்சி சில மணி நேரம் கழித்து. கண்ணாடிக்கல் கிரீடம், அழுக்கேறிய வெள்ளை சாட்டின் கவுன், எதிரில் இல்லாத விருந்தாளிகளோடு பேச்சு. அதற்கு முன் ஒன்பது காட்சிகளில் ஒருமுறைகூட அவள் இப்படி இல்லை. கைக்கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிறாள், மூச்சு நிற்கிறது, கண்ணாடி விரியும் வேகத்தில் கவிழ்த்து அறைகிறாள். இரண்டாவது ஆள் போய்விட்டான். இனி விருந்தாளியையும் அவளே கற்பனை செய்துகொள்ள வேண்டும். மாயை அவளைத் தனிமையில் தள்ளியது என்பதைவிட, தனிமை முழுமையானபோதுதான் பாசாங்கு நோயாக மாறியது என்பதே பிரதியின் வரிசை. அப்போது உள்ளே வரும் ஸ்டான்லி முதலில் அவள் கற்பனைத் தந்தியை நம்புவதுபோலப் பேச்சுக் கொடுக்கிறான். கூடச் சேர்ந்து விளையாடுவது உடைப்பதற்காக. பிறகு நடப்பது வெறும் உடைப்போடு நிற்கவில்லை.

இப்போது ஸ்டெல்லாவைப் பாருங்கள். கடைசிக் காட்சியில் மாடி வீட்டு யூனிஸிடம் அவள் சொல்வது: அக்கா சொல்வதை நம்பினால் ஸ்டான்லியோடு வாழ முடியாது. நம்பாதே, வாழ்க்கை ஓட வேண்டும் என்கிறாள் யூனிஸ். நாடகத்திலேயே மிகப் பெரிய மாயை இதுதான். இதற்குக் காகிதக் கூடு வேண்டாம், பட்டப்பகலில் போர்த்திக்கொள்ளலாம். கணவன், மனைவி, மாடி வீட்டுக்காரி என்று மூன்று பேர் 'சரி' சொல்லிவிட்டார்கள். அதனால் அது குடும்பம். யாருமே 'சரி' சொல்லாத ப்ளான்ச்சினுடையது மனநோய்.

படத்தில் இந்த இடத்தைக் கெடுத்துவிட்டார்கள். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி ஸ்டான்லி தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. அதனால் ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இனி அவனிடம் போக மாட்டேன் என்று மாடிக்கு ஓடுகிறாள். ஆலனின் ஓரினச் சேர்க்கையும் மழுப்பப்பட்டது. வெட்டிய சில நிமிடங்கள் 1993இல் திரும்பச் சேர்க்கப்பட்டன, முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது. விவியன் லீயின் நடிப்பைக் குறை சொல்ல வாயில்லை. ஆனால் ஸ்டெல்லா பொய்யைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பொய் சொன்ன ஒரே ஆள் ப்ளான்ச் என்று ஆகிவிடுகிறதே.

முடிவில் காப்பகத்து மேட்ரன் அவளைப் பிடித்து அமுக்குகிறாள். டாக்டர் அருகில் வர, இந்த அம்மாவை விடச் சொல்லுங்கள் என்று ப்ளான்ச் கேட்கிறாள். அவர் விடச் சொல்கிறார், தொப்பியைக் கழற்றுகிறார், கையை நீட்டுகிறார். ஒரு சீமாட்டியை விருந்துக்கு அழைத்துப்போகிற தோரணை. நாடகத்தில் அவளுடைய நாகரிகப் பாவனைக்கு எதிர்ப்பாட்டுப் பாடிய கடைசி மனிதர், அவளை அடைத்துவைக்கக் கூட்டிப்போக வந்தவர். தங்கை பெயர் சொல்லிக் கதறுகிறாள். ப்ளான்ச் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வண்டி எங்கே போய் நிற்கும் என்று வில்லியம்ஸுக்குத் தெரியும். அவருடைய அக்கா ரோஸுக்கு 1943இல், நாடகம் மேடையேறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, மூளையில் லோபாட்டமி அறுவை செய்தார்கள். அதன்பின் ரோஸ் வாழ்நாள் முழுக்கப் பிறர் பராமரிப்பில்தான் இருந்தார். தம்பி 1983இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியை அக்காவின் பராமரிப்புக்கென எழுதிவைத்திருந்தார். ரோஸ் இறந்தது 1996இல்.